கார் குடித்த போர்வெல் தண்ணீர்

செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். காலை 7 மணிக்கு வேலூரில் இருக்க வேண்டும் என்றால் குடியாத்தத்தில் ஐந்தரைக்கே வண்டி கிளம்பியாக வேண்டும். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, பாலாற்றுப் பாலம் என்று முப்பது சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்து எழுந்து வருகிறவரைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கூட்டி வர எனக்கு மனசு வரவில்லை. 2018-ல் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் வந்ததும், அதுவரை அவர் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன பெட்ரோல் கார் என் கைக்கு வந்தது. 2011-ல் வாங்கிய வண்டி.

ஓட்டுவது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வண்டியைப் பார்த்துக்கொள்வது தனி வேலை என்று தெரிய ஒரு வருஷமும் 21,000 ரூபாயும் ஆனது.

2019 மே மாதம், கத்திரி நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலூரைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த சூட்டை அவை ராத்திரியெல்லாம் திருப்பித் தரும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அன்று டயாலிசிஸ் முடிந்து பதினொன்றரைக்குக் கிளம்பினோம். காட்பாடி சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல நெரிசல். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வந்தோம். லத்தேரி தாண்டியதும் டேஷ்போர்டில் தெர்மாமீட்டர் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

என் வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது. நிறைய சின்ன கார்களில் இப்படித்தான். எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் இல்லை. முள் இருந்தால் ஏற ஏறக் கண்ணில் படும். விளக்கு மட்டும் இருக்கும் வண்டியில், அது எரியும்போதே விஷயம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு அன்று தெரியாது. பின் சீட்டில் அவர் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் நடுரோட்டில் நிறுத்துவதைவிட எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினேன். அப்படி ஓட்டிய 3 கிலோமீட்டர்தான் எஞ்சினைக் கெடுத்தது. விளக்கைப் பார்த்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸ் பைப்போடு போயிருக்கும்.

வண்டி இழுக்க மறுத்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி. ஓரம் கட்டி நிறுத்தினேன். டீக்கடையிலிருந்து ஒரு பையன் சொம்புத் தண்ணியும் துண்டுமாக ஓடி வந்து, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. "டேய், மூடில கை வெக்காத! மூஞ்சி வெந்துடும்!"

ரேடியேட்டர் என்பது எஞ்சினில் சூடேறிய தண்ணீர் வந்து ஆறும் இடம். அதற்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர். குக்கர் மாதிரிதான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த அடுத்த நொடி மொத்தமும் ஆவியாகப் பொங்கி மேலே அடிக்கும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, அது ஆறி, அமுக்கினால் மெத்தென்று ஆகும்வரை மூடியைத் தொடக் கூடாது. அரை மணி, முக்கால் மணி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து, உலோகம் விரிசல் விடும்.

அந்த டிரைவர் அண்ணன் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். முள் இருக்கிற வண்டியில் அது ஏற ஆரம்பித்ததைப் பார்த்தால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னலை இறக்கிவிட்டு ஓரம் கட்ட வேண்டும். ஹீட்டரும் எஞ்சின் சூட்டை வாங்குகிற ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பு விளக்கு வந்துவிட்டாலோ ஆவி தெரிந்தாலோ யோசனையே வேண்டாம், நிறுத்தி அணைத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவரும் அவரே. பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். எங்கள் மெக்கானிக்கை ஊரே பாய் என்று கூப்பிடும். என்னிடம் எட்டாவது படித்த பையன் என்பதால் எனக்கு அவர் தம்பி. ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. "ஹெட் கேஸ்கெட் போய்டுச்சி டீச்சர். தண்ணி ஆயில்ல கலந்துக்கினு கீது." ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் கேஸ்கெட். அலுமினிய ஹெட் சூட்டில் நெளிந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, அதாவது மட்டமாக இழைத்து, கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ஆயில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், கூலி எல்லாம் சேர்ந்துதான் அந்த 21,000.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது செலவுக் கணக்குக்காக இல்லை. தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்குத் தக்கபடி தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. கழற்றிய அதை அவர் ஒரு பழைய நியூஸ்பேப்பரில் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். வெள்ளையாக, ஓடு ஓடாக உதிர்ந்தது. வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கம் படிந்திருக்குமே, அதே உப்பு. விரலால் நசுக்கினால் சுண்ணாம்பு மாதிரி நறநறத்தது. வாட்டர் பம்பின் இறக்கைகளிலும் அதுதான். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாதி அடைத்தே போயிருந்தது.

"இன்னா தண்ணி ஊத்துனீங்க டீச்சர்?"

"வீட்டுத் தண்ணிதான்."

"போர் தண்ணியா?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நீங்கதான எங்களுக்குக் கடின நீர் பாடம் எடுத்தீங்க" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டைக் கொதிக்க வைத்தால், கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அடியில் படியும். அண்டாவில் படிவது ரேடியேட்டரிலும் படியும் என்று எனக்குத் தோன்றாமல் போனது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

எங்கள் போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ. மெஷின் மாட்ட வந்தவர் அளந்து பார்த்தபோது டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,400 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. பாலாற்றுப் படுகையில் நிறைய வீடுகளில் இதே கதைதான். சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை பூத்துவிடும். அந்தத் தண்ணீரைத்தான் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரோடு சேர்ந்த ரிசர்வ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஊற்ற ஊற்ற, ஏற்கெனவே உள்ளே இருந்த கூலண்ட் நீர்த்துப் போனது. கூலண்ட் என்பது கலர்த் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைக்கால் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்தும், அதோடு கலந்திருக்கும் மருந்துகள் துரு பிடிக்காமல் காக்கும். பாதிக்குப் பாதி இருக்க வேண்டியது என் வண்டியில் பேருக்குத்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று. கூலண்ட் சுற்றும் பாதை மூடிய பாதை. அதில் தண்ணீர் தானாகக் குறையவே கூடாது. மாசம் தவறாமல் குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். கீழ் ஹோஸில் கிளாம்ப் போட்ட இடத்தில் மயிரிழை விரிசல். சூடானபோது மட்டும் கசிந்து, அங்கேயே காய்ந்து, பச்சைக் கறையாக நின்றது. நான் குனிந்து ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். பார்க்காமல், குறைந்ததை நிரப்புவதுதான் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செதில்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் முன்னால் சாஸரில் கொட்டி, மேலே அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பொடிப்பொடியாகக் குமிழி விட்டுப் பொங்கியது. "என்ன வாயு?" என்றேன். ஏழு பேரும் ஒரே குரலில் கார்பன் டை ஆக்சைடு என்றார்கள். பாடம் அவர்களுக்கு மறக்காது. எனக்கும் மறக்காது.

இப்போது ரெடிமேடாகக் கலந்து வரும் கூலண்ட்தான் வாங்குகிறேன், கேனில் ஒரு லிட்டர் எப்போதும் டிக்கியில் இருக்கும். கெட்டியாக வாங்கிக் கலக்க வேண்டும் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். அவசரத்துக்கு ஊற்றி வீடு வந்து சேரலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் சொன்ன வகைதான் கணக்கு. பழைய கூலண்டை வாசலில் கொட்டவும் கூடாது. இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் விஷம்.

பேட்டரிக்கும் இதே தண்ணீர்ப் பாடம்தான். மூடி திறக்கிற பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. பேட்டரி குளிரில் படுத்துவிடும் என்று சொல்வார்கள். ஆனால் அதன் ஆயுளைக் குறைப்பது வெயில். நம் ஊரில் மூன்று வருஷம் தாண்டினால் நான் கவனமாகிவிடுவேன். சாவி போட்டதும் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் அது எச்சரிக்கை. நூறு, இருநூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி ஓய்வெடுத்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, வாசலின் தடவினால் தீர்ந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் நான் கற்றுக்கொண்டது கைகொடுத்தது. டயாலிசிஸுக்கு ஊரடங்கு கிடையாது. பட்டறைகள் எல்லாம் பூட்டு. போலீஸிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிவிட்டு ஒரு வண்டியும் இல்லாத ரோட்டில் போவோம். நடுவில் நின்றால் கேட்க ஆள் இல்லை. அதனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விடியற்காலை நாலே முக்காலுக்கு டார்ச்சோடு வாசலுக்கு வந்துவிடுவேன். எஞ்சின் ஆறியிருக்கும் நேரம் அதுதான், எல்லா அளவும் சரியாகத் தெரியும். முதலில் வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பேன், புதுசாக ஈரமோ கறையோ இருக்கிறதா என்று. பிறகு பானெட்டைத் தூக்கி கூலண்ட் பாட்டிலின் இரண்டு கோடு, ஆயில் குச்சி, பிரேக் ஆயில். ஹோஸ்களை ஒரு தரம் விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஐந்து நிமிஷம் ஆகாது. அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

அப்படி டார்ச் அடித்துப் பார்த்ததில்தான் எலியும் அகப்பட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் நெல்வயல். அறுவடை முடிந்தால் எலி வீட்டுக்கும் வரும், கதகதப்பான எஞ்சினுக்குள்ளும் ஏறும். ஒயரைக் கடித்துப் போட்டால் ஆயிரக்கணக்கில் போகும். புகையிலைக் காம்பைத் துணியில் முடிந்து கட்டினேன், அந்துருண்டை போட்டேன், இரண்டும் சில நாளைக்குத்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது வண்டியை எடுப்பதும், பார்க்கிங் பக்கத்தில் அரிசி, தானியம், குப்பை வைக்காததும்தான் எனக்குப் பலித்தது.

டயரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, ஏனென்றால் யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2313 என்றால் 2013-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. என் வண்டி அதிகம் ஓடாததால் டயர் பட்டன் நன்றாகவே இருந்தது, இதற்கு மேல் தேயக் கூடாது என்று காட்டும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டைக்கு நிறைய மிச்சம். ஆனால் பக்கவாட்டில் வெயிலில் காய்ந்த ஏரி மண்ணைப் போல மெல்லிய வெடிப்புகள். ஆறு வருஷம் தாண்டிய ரப்பர். நாலையும் மாற்றிவிட்டுத்தான் பெங்களூர் ஹைவேயில் ஏறினேன். காற்று குறைந்த டயர்தான் சூடாகி வெடிக்கும், அதிகமான டயரைவிட. காற்றைக் காலையில், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துவிட வேண்டும். வெயிலில் ஓடி வந்த பிறகு மீட்டர் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் காலையில் குறைவாக நிற்கும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கிறது. நைட்ரஜன் பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

மலை ஏறி இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சக ஆசிரியைகளோடு ஏலகிரி போயிருந்தேன். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பேர் வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது எங்களுக்கு முன்னால் போன கார் பிரேக்கை மிதித்தபடியே போய், பாதியில் கருகிய வாடையோடு ஓரம் கட்டியது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொன்னதை வைத்துக்கொண்டு இரண்டாவது கியரிலேயே வந்தேன். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான்.

2021 நவம்பரில் தண்ணீர் வேறு விதமாக வந்தது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து எங்கள் ஊர் வழியாக ஓடும் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் தப்பித்தோம். ஆற்றோரம் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கார் சீட் வரை மூழ்கியது. வடிந்த மறுநாள், வண்டி ஓடுமா என்று பார்க்கிற ஆசையில் சாவியைத் திருப்பிவிட்டார். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. மூழ்கிய வண்டியில் சாவியே போடக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சாதாரண பாலிசி இந்த எஞ்சின் சேதத்தை ஏற்காது என்று கைவிரித்துவிட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு இருக்கிறது, புதுப்பிக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். என் கேஸ்கெட் செலவுக்கும் இன்சூரன்ஸ் வரவில்லை, அது விபத்து இல்லை, பழுது. சின்னக் கீறலுக்கெல்லாம் நான் க்ளெய்ம் போடுவதில்லை. க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருஷம் போனால் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரு தரம் போட்டால் அது போய்விடும்.

வண்டிக்கு 2026-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. விற்றுவிடு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தம்பி எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும் டீச்சர், நான் சொல்றேன்" என்கிறார். வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யைப் புதுப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். காலாவதி ஆவதற்கு 60 நாள் இருக்கும்போதே படிவம் 25 கொடுக்கலாம். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அதற்குள் பின்பக்கக் கதவுக்கு அடியில் பிடித்த துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், வைப்பர் ரப்பர் இரண்டும் மாற்ற வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அந்த நாலு மணி நேரத்தில் வைப்பர் வேலையை முடித்துவிடுவேன்.